ஆறு நாள்

"முட்டை சாப்பிட்டால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

என் தாயார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். 71 வயது வரையில் முட்டையைக் கையால்கூடத் தொட்டறியாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? "சாப்பிட்டிருந்தால் அல்லவா ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று தெரியும்?" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. என் தம்பி நைரோபியில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதமாகிறது. பேரனைப் பார்க்க வேண்டும் என்று அம்மா தவியாய்த் தவித்தாள். நான், என் மனைவி, பத்து வயதுப் பெண், அம்மா ஆக நாலு பேரும் போய் வருவது என்று தீர்மானித்தோம். பிரயாணத்துக்கு ஆறு வாரம் முன்னதாகவே டாக்டரிடம் யோசனை கேட்டுவிட வேண்டும் என்று தம்பி எழுதியிருந்தான். அதன்படி வந்திருந்தோம்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மலேரியாவுக்கு மாத்திரை. அதைப் புறப்படும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் சில நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டைபாய்டுக்கு ஓர் ஊசி. குடிக்கும் தண்ணீரில் ஜாக்கிரதை. கொசு கடிக்காமல் முழுக்கைச் சட்டை. கடைசியாக, மஞ்சள் காய்ச்சலுக்கு ஓர் ஊசி. முட்டைக் கேள்வி அதற்காகத்தான் வந்தது. அந்த மருந்தைக் கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்களாம்.

"நைரோபியில் மஞ்சள் காய்ச்சல் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நகரத்தோடு நின்றுவிட்டால் உங்களுக்கு அபாயம் மிகக் குறைவு. ஆனால் ஊசி போட்ட அத்தாட்சியைக் கேட்கப்போவது கென்யா அல்ல, ஸார். நம்முடைய நாடு. திரும்பி வந்து இறங்கும்போது கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரையில் தனியாக வைத்துவிடலாம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆறு நாளா? மண்டபத்திலே வைத்தாற்போலவா?"

டாக்டர் வயதில் சின்னவர். அவருக்கு மண்டபம் என்றால் கல்யாண மண்டபம். எனக்கும், உண்மையைச் சொன்னால், அம்மா சொல்லிக் கேட்ட அரைகுறை ஞாபகந்தான். அன்று இரவு நான் பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்ததற்கு அவள் கேட்ட அந்த ஒரு கேள்விதான் காரணம்.

ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். 'கேம்ப்' என்ற வால் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. 1914-ல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். சென்னையில் 'போட் மெயில்' ஏறினால் ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் ஜனங்கள் அந்த வழியில் திரண்டார்கள். அவர்களோடு காலராவும் அம்மையும் வந்துவிடும் என்று இலங்கை அரசாங்கம் பயந்தது. பயம் ஆதாரம் இல்லாததல்ல. அதற்கு முந்திய நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிக் காடு வழியே மலைநாட்டுக்கு நடந்த கூட்டங்களில் காலராவாலும் பசியாலும் பாதையோரம் மடிந்தவர்கள் ஏராளம். ஆகவே 1917-ல் மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் போட்டது.

தோட்டத்துக்குப் போகிறவர்களை ரயிலிலிருந்து இறக்கி அந்த முகாமில் சில நாள் வைத்திருப்பார்கள். அம்மை குத்துவார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். குளிக்கச் சொல்வார்கள், துணிகளை ஆவியில் வேகவைப்பார்கள். இத்தனை நாளில் ஒருவருக்கும் நோய் காணவில்லை என்றால்தான் கப்பல். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு அடையாளமாக எண் பொறித்த தகர வில்லை கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. மாட்டுக்குச் சூடு போடுவதில்லையா, அதைப்போல.

என் தாயாரின் தகப்பனார் 1930-களில் அந்த வழியாகப் போனவர். கூலியாக அல்ல, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக. கையில் உயர் வகுப்பு டிக்கெட். மண்டபத்தில் டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னாராம், நாடி பார்த்தாராம், போகலாம் என்றாராம். ஜன்னல் வழியாகத் தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஊரிலிருந்து அதே ரயிலில் வந்த ஜனங்கள், குழந்தையும் குட்டியும் மூட்டையுமாக, மணலில் வரிசையாக நின்றார்கள். "காலராவுக்கு டிக்கெட் வகுப்பு தெரியுமா?" என்று தாத்தா பிற்காலத்தில் கேட்பாராம். ஆனால் அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் நகர்ந்தது, அவரும் போய்விட்டார்.

இந்த வழக்கத்தை இலங்கைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1377-ல் அட்ரியாடிக் கடற்கரையில் ரகூஸா என்ற வியாபார நகரம், பிளேக் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. இன்றைக்கு அந்த ஊருக்கு துப்ரோவ்னிக் என்று பெயர். வெனிஸ் நகரத்தார் 1423-ல் ஒரு தீவையே இதற்காக ஒதுக்கினார்கள். 30 நாள் பின்னால் 40 நாளாயிற்று. இத்தாலிய பாஷையில் நாற்பதுக்கு 'குவாரன்டா' என்று பெயர். 'குவாரன்டைன்' என்று நாம் சொல்கிறோமே, அது அந்த நாற்பதுதான். நம் ஊரில் ஒரு மண்டலம் என்று விரதத்துக்கும் மருந்துக்கும் கணக்குச் சொல்வதில்லையா? ஏறக்குறைய அதே கணக்கு. ஏன் நாற்பது என்று யாரும் கேட்கவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாதவர்களுக்கு நாளை எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. அதில் ஏறிக் காலராவும் உலகம் சுற்றியது. 1851-ல் 12 நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடி ஆறு மாதம் பேசினார்கள். காலரா தொற்றுமா தொற்றாதா என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. பிற்பாடு நடந்த மாநாடுகளிலும் ஒரு விஷயத்தில் மட்டும் அநேகமாக எல்லாரும் ஒரு குரலாகப் பேசினார்கள்: காலராவுக்குத் தாய்வீடு இந்தியா, இந்தியாவிலிருந்து வரும் கப்பலைக் கவனிக்க வேண்டும். மெக்காவுக்குப் போன நம் யாத்ரீகர்களையும், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலின் மேல்தளத்தில் போன நம் தொழிலாளர்களையும் வழியிலுள்ள தீவுகளில் இறக்கி வைத்தார்கள். பினாங்குக்கு அருகில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்கு அருகில் செயின்ட் ஜான்ஸ் தீவு. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிய பழைய மனிதர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்.

இப்படி உலகம் நம்மைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அதே காலத்தில் நாமும் ஒன்றைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தோம். அதுதான் மஞ்சள் காய்ச்சல்.

பெயரைக் கேட்டு இதை மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணும் உடம்பும் மஞ்சளிப்பதுண்டு என்றாலும் இது வேறு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் காடுகளில் குரங்குகளிடையே வாழும் ஒரு விஷக்கிருமி. கொசு வழியாக மனிதனிடம் வருகிறது. கடுமையாகக் கண்டவர்களில் பலர் பிழைப்பதில்லை. ஹைத்தித் தீவில் எழுந்த அடிமைகளை அடக்க நெப்போலியன் 1801-ல் அனுப்பிய சேனையை அழித்ததில் பெரும் பங்கு இதற்கு உண்டு. பனாமாவில் கால்வாய் வெட்டப் போன பிரெஞ்சுக்காரர்களை மலேரியாவோடு சேர்ந்து விரட்டியதும் இதுதான். கொசுவின் மேல் முதலில் குற்றம் சாட்டியவர் கியூபாவைச் சேர்ந்த கார்லோஸ் பின்லே என்ற டாக்டர். அது 1881. அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1900-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீடின் குழு அதே கியூபாவில் அதை நிரூபித்தது. அந்தக் குழுவில் ஒருவரான ஜெஸ்ஸி லசியர் அந்த நோயிலேயே உயிர் விட்டார்.

கொசு என்று தெரிந்ததும் பனாமாவில் கொசுவை ஒழித்தார்கள், கால்வாயும் முடிந்தது. 1914-ல் கால்வாய் திறந்தபோது உலகம் கொண்டாடியது. நம் பக்கத்து டாக்டர்கள் மட்டும் கவலைப்பட்டார்கள். ஏனென்றால் மஞ்சள் காய்ச்சலைக் கொண்டு வரும் அதே ஜாதிக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சாவதானமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரி போட்ட கொசு. இன்றைக்கு டெங்குவைப் பரப்புவதும் அதுதான். கொசு இருக்கிறது, கடிபடக் கோடிக்கணக்கில் ஜனங்கள் இருக்கிறார்கள், நோய் மட்டும் இல்லை. வைக்கோற்போரும் காற்றும் தயாராக இருக்க, நெருப்புக்குச்சி மட்டும் கடலுக்கு அப்பால் இருப்பதுபோல. கப்பல் போய் ஆகாய விமானம் வந்த பிறகு அந்தக் கடலும் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் நோய் உள்ளவன் கப்பலிலேயே படுத்து, கரை சேருமுன் ஒன்று பிழைப்பான், இல்லாவிட்டால் சாவான். விமானத்தில் வருகிறவனோ நோய் வெளியே தெரியுமுன்பே வீட்டுக்கு வந்து பாயில் படுத்துவிடுவான். கொசு கடித்த நாளிலிருந்து காய்ச்சல் காண மூன்று முதல் ஆறு நாள் பிடிக்கும். அந்த ஆறு நாள்தான் நம் சட்டத்தில் இருக்கும் ஆறு நாள். ரகூஸாவின் முப்பதும் வெனிஸின் நாற்பதும் பயத்தின் கணக்கு. இந்த ஆறு அறிவின் கணக்கு.

இனி அந்த ஊசியின் கதைக்கு வருவோம்.

1927-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், அன்று கோல்டு கோஸ்ட் என்றும் இன்று கானா என்றும் பெயர் கொண்ட நாட்டில், அசிபி என்ற 28 வயது மனிதனுக்குக் காய்ச்சல் கண்டது. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் டாக்டர்கள் அவன் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளைக் கொண்டு செய்த சோதனைகளில் ஒன்றும் தெளிவாகவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த நோயோடு பழகிப்போனவை அவை. ஆகவே அந்த நோயைக் கண்டறியாத ஒரு ஜாதியைக் கொண்டு வந்தார்கள். எது தெரியுமா? நம் வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் யாத்ரீகர்களின் பழத்தைப் பிடுங்கித் தின்னுகிறதே, அந்தச் செம்முகக் குரங்கின் இனம். அசிபியின் இரத்தம் ஏறிய சில நாளில் அது செத்தது.

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் குரங்கு பதில் சொல்லிவிட்டது என்று அந்தக் காலத்து டாக்டர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

அசிபி பிழைத்துக்கொண்டான். அவன் நோயை ஆராய்ந்தவர்கள் பிழைக்கவில்லை. ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ் டாக்டர் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். மறு ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சியும், அவரைத் தொடர்ந்து வில்லியம் யங் என்ற டாக்டரும் அக்ராவில் இறந்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த மாக்ஸ் தைலரையும் நோய் பிடித்தது, அதிர்ஷ்டவசமாக விட்டுவிட்டது. அவரும் அவருடைய சகாக்களும் அசிபியிடமிருந்து வந்த கிருமியை முதலில் எலிக் கருவின் திசுவிலும், பிறகு கோழிக் கருவின் திசுவிலும், மேலும் மேலும் மாற்றி வளர்த்துக்கொண்டே போனார்கள். நூறு தடவைக்கு மேல் மாற்றிய பிறகு பார்த்தால், கிருமி உயிரோடு இருந்தது. கொல்லும் குணம் மட்டும் போய்விட்டது. முரட்டுக் காளை வண்டிமாடானது போல. 1937-ல் '17டி' என்ற பெயரில் அந்த மருந்து வெளிவந்தது. 1951-ல் தைலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசிபியின் பெயர் விஞ்ஞானப் புத்தகங்களில் கிருமிக்குப் பெயராக மட்டும் நின்றது. இன்று உலகத்தில் யார் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டாலும், அது அந்த ஆப்பிரிக்கனின் ஒரு துளி இரத்தத்தின் வமிசந்தான்.

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1942-ல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்ட மருந்தில் மனித இரத்த நீர் சேர்த்திருந்தார்கள். அதில் வேறொரு கிருமி இருந்தது. ஏறத்தாழ 50,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மஞ்சள் காய்ச்சலைத் தடுக்கப் போய் மஞ்சள் காமாலை! அதன்பின் இரத்த நீர் இல்லாமலே மருந்து செய்தார்கள்.

ஊசி வந்துவிட்டதால் மனிதனை அடைத்து வைக்கும் அவசியம் குறைந்தது. அவன் உடம்பிலேயே காவல் போட்டாகிவிட்டது. அத்தாட்சியைக் காட்டினால் போதும். 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக விதிகளை வகுத்தது. காலரா, பிளேக், அம்மை, மஞ்சள் காய்ச்சல் உள்ளிட்ட ஆறு நோய்கள் அதில் இருந்தன. அந்த நாளில் வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டோடு அம்மைக்கும் காலராவுக்கும் அத்தாட்சி வைத்திருப்பார். காலரா ஊசி பரவலைத் தடுப்பதில்லை என்று தெளிவானதும் 1973-ல் அந்த அத்தாட்சி விதிகளிலிருந்து போயிற்று. அம்மை அத்தாட்சி போனது வேறு காரணத்தால்: அம்மை நோயே உலகத்தை விட்டுப் போய்விட்டது என்று 1980-ல் அறிவித்தார்கள். ஒன்று பயனில்லை என்று நீங்கியது. மற்றொன்று தன் பயனை முடித்துவிட்டு நீங்கியது. மிஞ்சியது மஞ்சள் காய்ச்சல் அத்தாட்சி. 2016 ஜூலை முதல், ஒரு தரம் போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் செல்லும்.

அந்த 2016-ல்தான் ஓர் எச்சரிக்கையும் வந்தது. அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் 11 பேர் நோயோடு சீனாவுக்குத் திரும்பினார்கள். ஆசியாவுக்கு அது வந்திறங்கியது உறுதியானது அதுதான் முதல் தடவை. நல்ல வேளையாகப் பரவவில்லை. நெருப்புக்குச்சி வைக்கோற்போருக்கு அருகில் வந்து அணைந்துவிட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் ஒரு நாள் காலை நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். அத்தாட்சி பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதால் முன்னதாகவே போனோம். அந்த இடமே இந்தச் சரித்திரத்தில் சேர்ந்தது. 1899-ல் சென்னை ராஜதானிக்கு அம்மைப்பால் தயாரிப்பதற்காக ஏற்பட்டது அது. காத்திருக்கும்போது என் பெண் பாட்டியின் தோளைத் தடவி, "இது என்ன பாட்டி, இவ்வளவு பெரிய தழும்பு?" என்றாள். அவள் தோளில் இருப்பது காசநோய்க்குப் போட்ட சின்னத் தழும்பு. அம்மாவின் தோளில் இருப்பது நாலணா அகலத்துக்கு இரண்டு. "அம்மை குத்தினது. குத்துகிறவர் தெருவிலே வந்தால் நாங்களெல்லாம் வைக்கோற்போருக்குப் பின்னாலே ஒளிந்துகொள்வோம்" என்றாள் அம்மா. அவளைப்போல ஒளிந்து, பிடிபட்டு, அழுத குழந்தைகளின் தழும்புகளால்தான் என் பெண்ணுக்கு அந்தத் தழும்பு வேண்டாமலே போயிற்று.

எங்கள் மூன்று பேருக்கும் ஊசி ஆயிற்று. அம்மாவுக்கு ஆகவில்லை. முட்டை காரணம் அல்ல. மூட்டு நோய்க்காக அவள் சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரகம். உயிருள்ள கிருமியால் ஆன மருந்தை அப்படிப்பட்டவர்களுக்குப் போடக் கூடாது. எங்கள் டாக்டர் முன்பே சந்தேகப்பட்டதுதான். ஊசி போடக் கூடாததற்குக் காரணம் காட்டிக் கடிதம் கொடுத்தார். "ஆனால் கடிதம் இருந்தாலும், விமான நிலையத்து அதிகாரி ஆறு நாள் தங்கச் சொன்னால் தங்கத்தான் வேண்டும்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் மெள்ள ஆரம்பித்தேன். "அம்மா, பேசாமல் நீ அக்கா வீட்டில் இரு. அடுத்த வருஷம் தம்பியே குழந்தையை அழைத்துக்கொண்டு வருவான். இந்த வயதில் உன்னை எங்கேயோ கொண்டுபோய்த் தனியாக வைத்தால்..."

"வைத்தால் என்னடா?" என்றாள் அம்மா. "ஊருக்குள்ளே நோய் வரக் கூடாது என்றுதானே வைக்கிறான்? உன் தாத்தா டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அது அவருக்குக் கடைசி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஜனங்கள் கைக்குழந்தையோடு மணலிலே இருந்தார்கள். எனக்கு விசிறி இருக்கும், வேளைக்குச் சோறு வரும். ஆறு நாள்தானே?"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. தாத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனதற்கும் இவள் சொல்வதற்கும் நடுவில் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஓடியிருக்கிறது. அன்று ஏழைக்கு மட்டும் இருந்த காவல் இன்று எல்லாருக்கும் ஒன்றாயிருக்கிறது. அதுவே பெரிய முன்னேற்றம் என்று எனக்குப் பட்டது.

அடுத்த மாதம் புறப்படுகிறோம். அம்மா இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். தம்பிக்குக் கொண்டுபோகும் வடாமும் அப்பளமும் ஒரு பக்கம். தனியே ஒரு சின்னப் பையில் ஆறு நாள் புடவை, டாக்டரின் கடிதம், மூக்குக்கண்ணாடி, ராமாயணம். திரும்பி வரும்போது அந்தப் பை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டுமாம்.